மரியாதைக்கும் ஆதரவுக்கும் நடுவே 19 ஆண்டுகள்: ஒரு சிப்பாயின் ஊன ஓய்வூதிய வழக்கு

1985 ஜூன் 15 அன்று ஓர் இளைஞர் இந்திய ராணுவத்தின் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தார். சேரும்போது நடந்த மருத்துவச் சோதனையில் அவருக்கு எந்த நோயும் இருப்பதாகக் குறிக்கப்படவில்லை. ஏறத்தாழ 9 ஆண்டுகள் பணியாற்றினார். 1994 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் காரணத்தைக் காட்டி அவரை வெளியே அனுப்பினார்கள். நோய், வலிப்பு. நிரந்தர ஊனம் 20 சதவீதம் என்று ராணுவ மருத்துவக் குழு மதிப்பிட்டது. இந்த நோய்க்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பில்லை என்றும் அதே குழு எழுதியது. அந்த வரியை வைத்து அவருக்கு ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அது தவறு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 2013 ஜூலை 2.

அந்தச் சிப்பாயின் பெயர் இன்று சட்ட நூல்களில் ஒரு முன்மாதிரி வழக்கின் பெயராக நிலைத்துவிட்டது. அவரை இங்கே சிப்பாய் என்றே குறிப்பிடுகிறேன். அவருக்கு நேர்ந்தது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பதுதான் இந்த ஆய்வின் காரணம். படைவீரர்களைப் போற்றுவதில் இந்தியா யாருக்கும் இளைத்த நாடு இல்லை. அந்தப் போற்றுதல் ஓய்வூதிய அலுவலகத்தின் மேசை வரைக்கும் போய்ச் சேர்கிறதா என்பதை இந்த ஒரு வழக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

படிவத்தில் இருந்த ஒரு வரி

மருத்துவக் காரணத்தால் ஒரு வீரரை வெளியே அனுப்பும் முன் மருத்துவக் குழு ஒரு படிவத்தை நிரப்பும். நோய் பணியால் ஏற்பட்டதா, பணியால் தீவிரமானதா, பணியோடு தொடர்பே இல்லாததா என்று அந்தப் படிவம் தனித்தனியாகக் கேட்கிறது. தொடர்பில்லை என்று குழு முடிவு செய்தால், அப்படியானால் நோய்க்கு உண்மையான காரணம் என்ன என்பதையும் எழுத வேண்டும். நம் சிப்பாயின் படிவத்தில் முதல் இரண்டு கேள்விகளுக்கும் இல்லை என்று பதில். மூன்றாவதற்கு ஆம். காரணம் என்ன என்று கேட்ட இடத்தில், ஊனம் ராணுவப் பணியோடு தொடர்புடையதல்ல என்று எழுதியிருந்தார்கள். கேட்டது காரணம், கிடைத்தது முடிவின் மறுபதிப்பு. பரம்பரையாக வந்ததா, பழைய தலைக்காயத்தின் விளைவா, முன்பே இருந்து மறைக்கப்பட்டதா என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. 19 ஆண்டுகளை விழுங்கியது இந்த ஒரு வரிதான்.

படிவத்தை நிரப்பிய மருத்துவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. வலிப்பு என்றால் பிறவிக் கோளாறு, பணியோடு அதற்கென்ன தொடர்பு என்ற வழக்கமான எண்ணத்தில் எழுதியிருக்கக்கூடும். ஆனால் அந்த எண்ணத்துக்கு விதி இடம் தரவில்லை.

விதி யார் பக்கம் நின்றது

1961-ஆம் ஆண்டு ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறையின் 173-ஆவது பிரிவு, பணியால் ஏற்பட்ட அல்லது பணியால் தீவிரமான 20 சதவீதத்துக்குக் குறையாத ஊனத்துக்கு ஓய்வூதியம் உண்டு என்கிறது. அதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை, அவர் வெளியேற்றப்பட்டபோது நடப்பில் இருந்த 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள். இவற்றை நான் படித்தபோது வியப்பாக இருந்தது. அந்த விதிகள் வீரர் பக்கம் அவ்வளவு வெளிப்படையாக நிற்கின்றன.

5-ஆவது விதியின்படி, சேரும்போது பதிவேட்டில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அந்த வீரர் முழு உடல்நலத்தோடும் மனநலத்தோடும் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும்; பிற்பாடு மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டால், உடல்நலம் கெட்டது பணியால்தான் என்று கொள்ள வேண்டும். 9-ஆவது விதி, தனக்குத் தகுதி இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பை வீரரின் தலையில் சுமத்தக் கூடாது என்கிறது. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. 14-ஆவது விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. சேரும்போது இந்த நோயைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று மருத்துவர்கள் கருதினால், அதற்கான காரணங்களை எழுத்தில் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாவிட்டால் நோய் பணிக்காலத்தில் வந்ததாகவே கருதப்படும்.

அதாவது, பணியால் வந்தது என்று நிரூபிப்பது வீரரின் வேலையாக இருந்ததே இல்லை. பணியால் வரவில்லை என்று காட்டுவது அரசின் வேலை. நடைமுறையில் இது தலைகீழாகிவிட்டது. ஓய்வூதியம் வழங்கும் அதிகாரி மருத்துவக் குழுவின் முடிவை மட்டும் பார்த்தார். காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவில்லை. சிப்பாய் 1996-இல் கொடுத்த முறையீடும் தள்ளுபடியானது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பிறகு சிப்பாய் டெல்லிக்குப் போனார். உச்ச நீதிமன்ற அமர்வு எல்லா விதிகளையும் வரிசையாக எடுத்துவைத்து, காரணம் சொல்லாத மருத்துவக் கருத்து செல்லாது என்று முடிவு செய்தது. தனி நீதிபதி தந்த பலனை மூன்று மாதத்துக்குள் வழங்க உத்தரவிட்டது.

புதிய சட்டம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. 1982 முதல் புத்தகத்தில் இருந்ததையே நீதிமன்றம் வாசித்துக் காட்டியது.

ஒரு சொல் எவ்வளவு பறிக்கும்

ஊன ஓய்வூதியம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று பணிக்கான கூறு, மற்றது ஊனத்துக்கான கூறு. ஊனம் 100 சதவீதமாக இருந்தால் ஊனக் கூறு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஊனம் குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். 20 சதவீத ஊனத்துக்குச் சம்பளத்தில் 6 சதவீதம்தான் வரும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,400 ரூபாய். 1996 முதல், மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு 50 சதவீதத்துக்குக் கீழான ஊனத்தை 50 என்றே கணக்கிடும் முறை வந்தது. அந்தக் கணக்கில் 6,000 ரூபாய்.

தொகையைவிட முக்கியமான சங்கதி வேறு. வழக்கமான பணி ஓய்வூதியத்துக்குச் சிப்பாய் 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். பணியோடு தொடர்பில்லாத நோயால் வெளியேறுபவருக்கான ஓய்வூதியத்துக்கு அன்று 10 ஆண்டுகள் தேவை. ஊன ஓய்வூதியத்துக்கு மட்டும் குறைந்தபட்சப் பணிக்காலம் எதுவும் இல்லை. நம் சிப்பாய் முடித்தது ஏறத்தாழ 9 ஆண்டுகள். ஆகவே தொடர்பில்லை என்ற சொல் விழுந்தவுடன் அவருக்கு மாத வருமானத்துக்கான மூன்று வழிகளும் ஒருசேர அடைபட்டன. அந்தப் பத்தாண்டு நிபந்தனையை அரசு 2020-இல் தளர்த்தியது. அதுவும் 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு மட்டும்.

இன்னொரு அடியும் இருக்கிறது. பொதுமக்கள் பெரும்பாலும் இதை அறிவதில்லை. ஓய்வூதியம் இல்லாமல் மருத்துவக் காரணத்தால் வெளியே அனுப்பப்பட்டவர் அரசின் வரையறைப்படி முன்னாள் படைவீரர் ஆகமாட்டார். முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லையென்றால் வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடு இல்லை. 2003-இல் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் இல்லை. நோய்க்காக வெளியே அனுப்பப்பட்டவருக்கு, அந்த நோய்க்கான சிகிச்சையும் இல்லை. இருபத்தைந்து முப்பது வயதில் வலிப்பு நோயோடு ஊர் திரும்புபவரை ஓட்டுநர் வேலைக்கோ காவலர் வேலைக்கோ யார் எடுப்பார்கள்? படையில் கற்றதை வைத்துப் பிழைக்கக் கிடைக்கும் வேலைகள் பெரும்பாலும் அவைதான்.

அதே காலத்தில் நாட்டின் வணக்கம்

சிப்பாயின் முறையீடு தள்ளுபடியாகி அவர் நீதிமன்றப் படியேறிய ஆண்டுகளின் நடுவில்தான் 1999-இல் கார்கில் போர் நடந்தது. போரில் இறந்தவர்களின் உடல்கள் ஊர் ஊராக வந்தன. ஊரே திரண்டு தெருவில் நின்றது. அந்தக் கண்ணீர் உண்மையானது. அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாள். ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். 2019 பிப்ரவரி 25 அன்று டெல்லி இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. இவற்றில் எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். நினைவுச் சின்னம் வேண்டும். அதில் பெயர் தேடி விரலால் தடவும் தாய்மாருக்கு அது வேண்டும்.

தமிழ் மண்ணுக்கு இது பழக்கமான மரியாதை. போரில் பட்டவனுக்குக் கல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று படிப்படியாகத் தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் கல்லோடு நம் முன்னோர் நிற்கவில்லை. வீரனின் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி, இரத்தக்காணி என்று அந்தக் கொடைகள் கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கின்றன. பெயரைக் கல்லில் வெட்டியதும், பிழைக்க வழி செய்ததும் ஒரே கடமையின் இரண்டு பாதிகளாக இருந்தன.

இன்றைய இந்தியாவிலும் போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு அந்தக் கடமை பெருமளவு நிறைவேறுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கான தாராள குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் கடைசிச் சம்பளத்துக்கு இணையானது. எதிரியின் குண்டில் காயமுற்றவருக்கும் கூடுதல் விகிதம் உண்டு. பிரச்சினை அந்த எல்லைக்கு வெளியே தொடங்குகிறது. மூச்சுக் காற்று மெலிந்த மலைமுகாமில் இதயம் கெட்டவர், ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருந்து மனம் சிதைந்தவர், வலிப்பு வந்தவர் ஆகியோரின் காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேடையில் ஏற்றி மாலை போடவும் வசதியாக இருப்பதில்லை. நாட்டின் வணக்கம் பெரும்பாலும் புகைப்படத்தில் விழும் தியாகத்துக்கே போகிறது. ஆதரவும் அதன் பின்னாலேயே போகிறது என்பதுதான் இந்த வழக்கைப் படித்து நான் வந்த முடிவு.

2018-ஐ, பணியின்போது ஊனமுற்ற வீரர்களின் ஆண்டு என்று ராணுவம் அறிவித்தது. நல்ல அறிவிப்பு. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஊன ஓய்வூதியத்துக்கான வருமான வரி விலக்கு, ஊனத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே. ஊனத்தோடு பணியைத் தொடர்ந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லை என்றது அது. காலை இழந்தும் படையை விட்டுப் போகாமல் மேசைப் பணியில் நின்று உழைத்தவர் அதனால் வரி கட்ட வேண்டியவர் ஆனார்.

தீர்ப்புக்குப் பிறகும்

2013 தீர்ப்போடு விவகாரம் முடிந்திருக்க வேண்டும். 2014 ஜூனில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: பணியிலிருந்து ஒருவரை நோய்க்காக வெளியேற்றும் அளவுக்கு ஊனம் இருக்கிறது என்றால், அந்த ஊனம் 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில், ஊனத்தை 50, 75, 100 என்று உயர்த்திக் கணக்கிடும் பலன் வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்குகளில் வீரர்களை எதிர்த்து வாதாடியது மத்திய அரசு.

2015-இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர், இந்த வழக்குகளைக் குறைக்க வழி காண ஒரு நிபுணர் குழுவை அமைத்தார். ஊனமுற்ற வீரர்களை எதிர்த்து மேல்முறையீடு செய்துகொண்டே போகும் பழக்கத்தைக் குழு கடுமையாகக் கண்டித்து, அதே ஆண்டு நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அமைச்சரே அமைத்த குழு, அமைச்சகத்தின் பழக்கத்தையே குறை சொன்னது. அதைப் பாராட்டுகிறேன். பழக்கம் மட்டும் போகவில்லை.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. அந்த வீரரும் 1985-இல்தான் சேர்ந்தார். சியாச்சினில் பணியாற்றியவர். 1989-இல் மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டார். நோய், மறுபடியும் வலிப்பு. மருத்துவக் குழு மறுபடியும் பணியோடு தொடர்பில்லை என்றது. ஊனத்தையும் 20 சதவீதத்துக்குக் குறைவு என்றது. படைவீரர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் அவருக்கு ஓய்வூதியம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013, 2014 தீர்ப்புகளை எடுத்துக்காட்டி, 50 சதவீத அளவில் ஊனக் கூறு வழங்க உத்தரவிட்டது. வெளியேற்றப்பட்டதிலிருந்து 36 ஆண்டுகள். அதே நோய், அதே விதி, அதே தவறு. முதல் சிப்பாயின் தீர்ப்பு 12 ஆண்டுகளாக நாட்டின் சட்டமாக இருந்த பிறகும் இரண்டாவது வீரர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம்தான். அதை மறைக்கப் போவதில்லை.

ஏன் மாறவில்லை

அரசுத் தரப்பில் ஒரு வாதம் இருக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது. ரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற நோய்களைக் காட்டி, முழுப் பணிக்காலமும் முடித்து, உயர்ந்த பதவியில் ஓய்வு பெறுவோரும் ஊன ஓய்வூதியம் வாங்குகிறார்கள். மத்திய தணிக்கைத் துறையும் இதைக் கேள்விக்குள்ளாக்கியது. 2023 செப்டம்பரில் அரசு புதிய தகுதி விதிகளைக் கொண்டுவந்தது. அந்த அக்கறையை நான் தள்ளவில்லை. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டும். ஆனால் நம் சிப்பாயின் வழக்கில் இருந்தது 9 ஆண்டுப் பணியும் வலிப்பு நோயும். போலிக் கோரிக்கையைத் தடுக்கப் போட்ட வேலி அவர் மேல் விழுந்தது. காரணத்தோடு மறுக்கும் அதிகாரம் பழைய விதியிலேயே மருத்துவக் குழுவுக்கு இருந்தது. காரணம் எழுதும் உழைப்பைத்தான் யாரும் செய்யவில்லை.

இதற்கு என் கணிப்பில் உள்ள விளக்கம் எளியது. ஓய்வூதியத்தை வழங்கிவிட்டால் நாளை தணிக்கையில் கேள்வி வரலாம். மறுத்துவிட்டால் எந்தக் கேள்வியும் வராது. தோற்ற வழக்கை அப்படியே விட்டால் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். மேல்முறையீட்டுக்கு அனுப்பினால் கோப்பு பத்திரமாக வேறு மேசைக்குப் போய்விடும். மறுப்பதற்கு அதிகாரி எந்த விலையும் தருவதில்லை. வழக்குச் செலவு வரிப்பணத்திலிருந்து போகிறது. எதிரில் நிற்பவர் சொந்தப் பணத்தில் வக்கீல் வைக்க வேண்டும்.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009-இல் செயல்படத் தொடங்கியது இந்தச் சுமையைக் குறைக்கத்தான். சென்னையிலும் அதற்கு ஓர் அமர்வு இருக்கிறது. ஆனால் 2015 மார்ச்சில் வந்த ஒரு தீர்ப்பு, தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியை அடைத்தது. 2023 மார்ச்சில்தான் அந்த வழி மறுபடி திறந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் தீர்ப்பாயத்தில் தோற்ற ஒரு சிப்பாய்க்கு உச்ச நீதிமன்றம் ஒன்றே கதி. டெல்லி வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் பேசாமல் வீட்டில் இருந்திருப்பார்கள்.

பயிற்சிக் கல்லூரிகளில் காயமுற்று வெளியேறும் அதிகாரிப் பயிற்சி மாணவர்களின் நிலை இதைவிடக் கொஞ்சம் வேறு. பதவி ஏற்கும் முன்பே ஊனமுற்றதால் அவர்கள் முன்னாள் படைவீரர் கணக்கிலேயே வருவதில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அந்த விவகாரத்தை விசாரணைக்கு எடுத்தது.

இப்போது செய்யக்கூடியது

மேலிருந்து ஆக வேண்டியவை இரண்டு. காரணம் எழுதப்படாத மருத்துவக் குழு அறிக்கையை ஓய்வூதிய அலுவலகம் வாங்கவே கூடாது. திருப்பி அனுப்ப வேண்டும். தீர்ப்பாயம் வீரருக்குச் சாதகமாக முடிவு செய்த ஊன ஓய்வூதிய வழக்கில் மேல்முறையீடு செய்யும் அதிகாரி, முந்தைய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்று கையெழுத்திட்டு எழுத வேண்டும். இரண்டுக்கும் பணம் செலவில்லை.

வெளியேற்றப்பட்டு ஊரில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவருடைய மருத்துவக் குழு அறிக்கையின் நகலை முதலில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் அது இருக்கும். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். காரணம் எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சேரும்போது நோய் குறிக்கப்படாமலும், தொடர்பின்மைக்குக் காரணம் சொல்லப்படாமலும் இருந்தால், எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும் தீர்ப்பாயத்தை அணுக இடமிருக்கிறது. மாதந்தோறும் மறுக்கப்படும் ஓய்வூதியம் தொடரும் தவறு என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே தீர்ப்பின்படி நிலுவைத் தொகை பொதுவாக வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். சட்டம் தெரியாமல் வீட்டில் இருந்த மற்ற ஆண்டுகளின் பணம் அரசிடமே தங்கிவிடும். ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத ஓய்வூதியத்தை இழக்கிறார் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.